பல் காட்டும் கணக்கு

மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பர். காளை வாங்க வந்த உழவர் அதன் திமிலைத் தட்டிப் பார்ப்பார், குளம்பை உற்று நோக்குவார், சுழிகளை ஆராய்வார். இவையெல்லாம் முடிந்த பின், ஒரு கையால் மூக்கணாங்கயிற்றைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கையால் அதன் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். விற்பவரும் தரகரும் 'இளங்காளை, இளங்காளை' என்று எத்தனை முறை கூறினும் அவர் செவிசாய்ப்பதில்லை. பிறர் சொல்லை நம்பாமல் பல்லை நம்புவது அவர் வழக்கம்.

மாட்டுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை. கீழ்வாயிலுள்ள எட்டு முன்பற்களே உழவருக்கு ஏடு. கன்றுப் பருவத்துப் பற்கள் விழுந்த இடத்தில் நிலைப்பற்கள் இரண்டிரண்டாக முளைக்கும். 'இரண்டு பல்', 'நான்கு பல்', 'ஆறு பல்' என்று சந்தையில் வழங்கும் சொற்கள் இந்த வரிசையையே குறிக்கின்றன. எட்டுப் பல்லும் நிரம்பிய பின்னர் முளைப்பைக் கொண்டு வயதை அறிய இயலாது. அதன் பிறகு தேய்வே கணக்கு. பல்லின் விளிம்பு எவ்வளவு மழுங்கியுள்ளது, உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி எவ்வளவு வெளிப்பட்டுள்ளது என்பவற்றை நோக்கி, 'இத்தனை ஆண்டு உழைத்த மாடு' என்று அவர் கூறிவிடுவார்.

இக்கணக்கு மாட்டின் வாயில் மட்டும் எழுதப்படுவதன்று. மனிதர் வாயிலும் அது நாள்தோறும் எழுதப்படுகின்றது. பல் தேய்தல் முதுமைக்கே உரியது என்று பலர் கருதுகின்றனர். பாட்டன் பல் தேய்ந்திருப்பதைக் கண்ணால் காண்கின்றோம். பேரன் பல் தேய்வதைக் காண்பதில்லை. ஆனால் பேரன் பல்லும் தேய்ந்துகொண்டுதான் இருக்கின்றது. கீழ்ப்பல் ஒன்று முளைத்து மேற்பல்லைத் தொட்ட நாளே அக்கணக்கின் முதல் நாள்.

பல்லின் மேற்பூச்சுக்கு எனாமல் என்பது பெயர். மனித உடம்பிலுள்ள பொருள்களுள் மிகவும் கடினமானது அதுவே. எலும்பும் அதற்கு ஈடாகாது. அதன் எடையில் 100 பங்கிற்கு ஏறத்தாழ 96 பங்கு தாதுப் பொருளே ஆகும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் நெருங்கி அடுக்கப்பட்ட கட்டடம் அது. நிலைப்பல்லின் மேட்டு முனைகளில் இப்பூச்சு இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். பாற்பல்லில் அதில் பாதியளவே உண்டு. எனாமலுக்கு அடியில் டென்டின் என்னும் மஞ்சள் நிறப் பகுதி உள்ளது. அது எனாமலைவிட மெதுவானது. ஆதலின் விரைவில் தேய்வது. அதற்கும் உள்ளே குருதிக் குழாய்களும் நரம்புகளும் அடங்கிய பற்கூழ் இருக்கின்றது.

உடம்பின் பிற உறுப்புகளுக்கு இல்லாத ஒரு குறை எனாமலுக்கு உண்டு. தோல் கிழிந்தால் மீண்டும் வளர்கின்றது. எலும்பு முறிந்தால் கூடுகின்றது. நகமும் மயிரும் வெட்ட வெட்ட வளர்கின்றன. எனாமலோ ஒருமுறை ஆக்கப்படுவது. அதனை ஆக்கும் உயிரணுக்கள் பல் ஈற்றைப் பிளந்து வெளியே வரும்போதே மறைந்துவிடுகின்றன. கொத்தனார் வீட்டைக் கட்டி முடித்து ஊரைவிட்டே போய்விட்டது போன்றது அந்நிலை. பின்னர் ஒரு செங்கல் பெயர்ந்தாலும் வைப்பதற்கு ஆளில்லை. எலிக்கும் அணிலுக்கும் முன்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். யானைக்கு அரைக்கும் பற்கள் ஒன்று தேய ஒன்றாக ஆறு முறை வருகின்றன. மனிதருக்குக் கிடைப்பவை இரண்டு வரிசைகளே. அவற்றுள் முதல் வரிசை பள்ளிப் பருவத்திலேயே உதிர்ந்துவிடுகின்றது.

அவ்வரிசையின் கால முறையை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். பிறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் முதற் பாற்பல் முளைக்கின்றது. மூன்று வயதிற்குள் இருபது பற்களும் நிரம்புகின்றன. ஆறாம் வயதில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், முதல் கடைவாய்ப்பல் முளைக்கின்றது. எந்தப் பல்லும் விழாத இடத்தில் அது வருவதால், பெற்றோர் பலர் அதனையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். விழப் போகும் பல்தானே என்று கவனியாமலும் விட்டுவிடுகின்றனர். அதுவோ வாழ்நாள் முழுவதும் உழைக்க வந்த பல். இரண்டாம் கடைவாய்ப்பல் பன்னிரண்டாம் வயதில் முளைக்கின்றது. அறிவுப்பல் எனப்படும் மூன்றாம் கடைவாய்ப்பல் பதினெட்டாம் வயதை ஒட்டி வருகின்றது. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று ஆறாறு ஆண்டு இடைவெளியில் அமைந்த இந்த ஒழுங்கு வியக்கத்தக்கது. இவ்வொழுங்கையே அளவுகோலாகக் கொண்டு, இறந்து போன ஓர் ஊராரின் வயதுகளை ஒருவர் கணக்கிட்டார்.

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் லெஸ்டர்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அதன் வடபுறத்தில் பிரீடன் என்னும் சுண்ணாம்புக் கல் மலை ஒன்று சமவெளியிலிருந்து தனித்து எழுந்து நிற்கின்றது. மலையின் மேல் பழமையான தேவாலயம் இருக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் அங்குத் துறவியர் மடம் ஒன்று தோன்றிற்று. மலையின் ஒரு பக்கத்தைக் கல்வெட்டுவோர் பெரிதும் அரிந்துவிட்டனர். அம்மலையில் ஆங்கிலோ-சாக்சன் காலத்து மக்களின் புதைகுழிகள் காணப்பட்டன. இவர்கள் இன்ன வயதில் இறந்தனர் என்பதற்கு எழுத்துச் சான்று ஏதும் இல்லை. எலும்பும் பல்லுமே எஞ்சின.

அவற்றை ஆராய்ந்தவர் ஏ. ஈ. டபிள்யூ. மைல்ஸ் என்னும் பல் அறிஞர். அவர் 1962ஆம் ஆண்டிலும் 1963ஆம் ஆண்டிலும் தம் முறையை வெளியிட்டார். முதியோரின் மண்டையோடுகளிலிருந்து அவர் தொடங்கவில்லை. சிறுவரின் பற்களையே முதலில் எடுத்துக்கொண்டார். சிறுவரின் வயதைத் தேய்வைக் கொண்டு ஊகிக்க வேண்டியதில்லை. எந்தப் பல் முளைத்துள்ளது, எந்தப் பல் தாடைக்குள் எவ்வளவு வளர்ந்துள்ளது என்பவற்றைக் கொண்டே நன்கு அறியலாம். சந்தை உழவர் இளங்காளையின் வயதை அறிவதும் இவ்வாறே அன்றோ!

இனி, அவர் கணக்கு நடந்த வழியைக் காண்போம். இரண்டாம் கடைவாய்ப்பல் அப்பொழுதுதான் முளைத்த ஒரு சிறுவனின் தாடையை எடுத்துக்கொண்டால், அவன் வயது ஏறத்தாழ பன்னிரண்டு. அவனுடைய முதல் கடைவாய்ப்பல் ஆறாம் வயதில் முளைத்தது. ஆகவே அப்பல்லில் காணும் தேய்வு ஆறாண்டுத் தேய்வு. அது எப்படி இருக்கும் என்பதை மைல்ஸ் குறித்துக்கொண்டார். அடுத்து, அறிவுப்பல் முளைக்கும் நிலையிலுள்ள ஓர் இளைஞனின் தாடை. வயது ஏறத்தாழ பதினெட்டு. அவனுடைய முதல் கடைவாய்ப்பல் பன்னிரண்டு ஆண்டுத் தேய்வையும், இரண்டாம் கடைவாய்ப்பல் ஆறாண்டுத் தேய்வையும் காட்டும். இவ்வாறு ஆறாண்டுத் தேய்வு இன்னது, பன்னிரண்டு ஆண்டுத் தேய்வு இன்னது என்று ஒரு வாய்பாடு கிடைத்துவிட்டது. பின்னர் வளர்ந்தவர் ஒருவரின் அறிவுப்பல்லில் ஆறாண்டுத் தேய்வு காணப்படின், பதினெட்டுடன் ஆறைக் கூட்டி அவர் இருபத்து நான்கு வயதினர் என்று கொள்ளலாம். இப்படியே படிப்படியாக முதுமை வரை கணக்கு ஏறும்.

மூன்று பற்களும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை என்பதையும் மைல்ஸ் கண்டார். முதற் பல் ஆறு ஆண்டில் அடையும் தேய்வை இரண்டாம் பல் ஆறரை ஆண்டிலும் மூன்றாம் பல் ஏழு ஆண்டிலும் அடைகின்றது என அவர் மதிப்பிட்டார். அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொண்டார். எலும்பு ஆராய்வோர் இம்முறையை இன்றும் கையாளுகின்றனர். ஒரு கூட்டத்தாரின் உணவு வேறுபட்டால் தேய்வும் வேறுபடும். எனவே ஒவ்வொரு கூட்டத்திற்கும் அக்கூட்டத்துச் சிறுவர் பற்களைக் கொண்டே புதிய வாய்பாடு அமைத்தல் வேண்டும். பிரீடன் மலையின் வாய்பாடு பிரீடன் மலைக்கே பொருந்தும்.

அக்காலத்துச் சிறுவர் பற்கள் அவ்வளவு தேய்ந்ததற்குக் காரணம் அவர்கள் உண்ட உணவு. கல் எந்திரத்தில் அரைத்த மாவில் கல்லின் பொடியும் கலந்துவரும். தானியத்தில் மண்ணும் மணலும் இருக்கும். அம்மாவினால் செய்த ரொட்டியை மெல்லும்போது ஒவ்வொரு வாய்க்கும் பல் சிறிது இழக்கும். பண்டை எகிப்தியரின் பற்களும் இவ்வாறே ரொட்டியில் கலந்த மணலாலும் கற்பொடியாலும் மிகத் தேய்ந்திருக்கின்றன. அரசர் பல்லும் அதற்கு விலக்கன்று. பல்லோடு பல் உரசுவதால் ஒரு தேய்வு. வெளியிலிருந்து வந்த பொருள் உரசுவதால் ஒரு தேய்வு. பழங்காலத்து வாய்களில் இவ்விரண்டுமே மிகுதி.

இக்காலத்துச் சிறுவர் கல் கலந்த ரொட்டி உண்பதில்லை. மாவு ஆலையில் அரைபட்டுச் சலிக்கப்பட்டு வருகின்றது. உணவு குழைய வேகின்றது. இயல்பாக மெல்லுவதால் கடைவாய்ப்பல் ஓர் ஆண்டில் இழப்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு அளவே என்று அளந்துள்ளனர். அறுபது ஆண்டு மென்றாலும் இரண்டு மில்லிமீட்டர் தேயாது. ஆகவே இக்காலச் சிறுவரின் பற்கள் புத்தம் புதியனவாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர்.

அந்த எதிர்பார்ப்பு பொய்த்துவிட்டது. 1993ஆம் ஆண்டில் பிரித்தானியச் சிறுவரின் பல் நலத்தை ஆராய்ந்தபோது, சொத்தையோடு தேய்வையும் முதன்முறையாகக் கணக்கெடுத்தனர். ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் பாற்பற்களில் அது காணப்பட்டது. பதினொரு வயதும் அதற்கு மேலும் ஆன மாணவருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரின் நிலைப்பற்களிலும் அது தொடங்கியிருந்தது.

பிரீடன் மலை உள்ள அதே லெஸ்டர்ஷயரில், டக்மோர், ராக் என்னும் இருவர் பள்ளி மாணவரின் பற்களை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் ஒருமுறை பார்த்ததோடு நில்லாமல், 1,308 மாணவரைப் பன்னிரண்டு வயதில் ஒரு முறையும் பதினான்கு வயதில் மறுமுறையும் பார்த்தனர். பன்னிரண்டு வயதில் 2.4 விழுக்காட்டினர்க்கு எனாமல் முழுதும் கரைந்து உள்ளிருக்கும் டென்டின் வெளிப்பட்டிருந்தது. இரண்டே ஆண்டில் அத்தொகை 8.9 விழுக்காடு ஆயிற்று. பன்னிரண்டு வயதில் குற்றமற்ற பற்களை உடையவராய் இருந்தோருள் 12 விழுக்காட்டினர்க்குப் பதினான்கு வயதிற்குள் தேய்வு தோன்றிவிட்டது. மொத்த மாணவருள் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேல் புதிய தேய்வோ முன்னையினும் முதிர்ந்த தேய்வோ கண்டனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மாவட்டத்துச் சிறுவரின் பல்லைத் தேய்த்தது கல். இன்று தேய்ப்பது எது?

புளிப்பே அது. புலவர்கள் பல்லை முத்துக்கு ஒப்பிட்டனர். நிறத்தையும் ஒளியையும் கருதிச் சொன்ன உவமை அது. ஆயினும் அவர்கள் எண்ணாத வகையிலும் அது பொருந்துகின்றது. முத்தைக் காடியில் இட்டு வைத்தால் அது மெல்லக் கரையும். பல்லும் புளிப்பில் கரையும் பொருளே.

புளிப்பை அளக்க அறிவியலார் பி.எச். என்னும் அளவுகோலைக் கையாளுகின்றனர். தூய நீரின் எண் 7. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு மிகும் என்று கொள்க. வாயிலுள்ள நீர்மத்தின் எண் ஏறத்தாழ 5.5க்குக் கீழ் இறங்கும்போது எனாமலின் படிகங்கள் கரையத் தொடங்குகின்றன. எலுமிச்சைச் சாற்றின் எண் 2க்கும் 3க்கும் இடைப்பட்டது. புட்டியில் அடைத்து விற்கும் கோலா பானத்தின் எண் ஏறத்தாழ 2.5. இனிப்பு மிகுதியாகக் கலந்திருப்பதால் அதன் புளிப்பை நா உணர்வதில்லை. நாவை ஏமாற்றலாம், பல்லை ஏமாற்ற இயலாது. சருக்கரை இல்லாதது என்று விற்கப்படும் பானத்திலும் புளிப்பு உண்டு என்பதை இங்கே மறத்தல் ஆகாது. சொத்தை வேறு, இந்த அரிமானம் வேறு. சொத்தையில், சருக்கரையை உண்ட நுண்ணுயிர்கள் புளிப்பை ஆக்கி, ஓரிடத்தில் குழி பறிக்கின்றன. அரிமானத்தில் நுண்ணுயிருக்கு வேலையில்லை. புளிப்பு நேராக வந்து பல்லின் பரப்பு முழுவதையும் மழுங்கச் செய்கின்றது. நாள்தோறும் பல் துலக்கிச் சொத்தையே இல்லாத வாயிலும் இது நிகழலாம்.

புளிப்பான பொருள் யாவும் ஒரே அளவில் பல்லை அரிப்பதில்லை. தயிர் புளிக்கும், எனினும் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் அது பல்லிலிருந்து அவற்றைக் கவர்வதில்லை. பழங்களையும் இக்காரணம் காட்டி ஒதுக்கிவிடுதல் கூடாது. உணவு வேளையில் உண்ணும் பழத்தால் வரும் தீங்கு சிறிது. தடவைகளே இங்குக் கருதத்தக்கவை. நம் உமிழ்நீர் புளிப்பைக் கழுவி, அதன் வலியைத் தணித்து, மெத்தென்றான எனாமலுக்குத் தாதுப் பொருளை ஓரளவு திரும்ப அளிக்கின்றது. அதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஒரு புட்டிப் பானத்தை உணவோடு ஒரேமுறையில் குடித்து முடிப்பவனுடைய உமிழ்நீருக்கு அந்த நேரம் கிடைக்கின்றது. அதே புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பிற்பகல் முழுவதும் மடக்கு மடக்காகப் பருகுபவனுக்கும், பானத்தை விழுங்காமல் வாயில் அடக்கிக் கொப்பளிப்பவனுக்கும் அது கிடைப்பதில்லை. இரவில் உறக்கத்தின்போது உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரக்கும். பழச்சாறு நிரப்பிய புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் மேல்வாய் முன்பற்கள் விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம். விளையாடி வியர்த்து வாய் உலர்ந்திருக்கும் நேரமும் இத்தகையதே. இரைப்பையின் புளிப்பு அடிக்கடி மேலெழுந்து வாய்க்கு வரும் நோயுடைய சிறுவர்க்கு மேல்வாய் முன்பற்களின் உட்புறம் கரையும். பல் மருத்துவர் முதலில் கண்டு, அதன் பின்னரே வயிற்று நோய் வெளிப்படுவதும் உண்டு.

இனி, ஒரு குழந்தையின் வாயில் தேய்வு எவ்வாறு வளர்கின்றது என்பதைக் காண்போம். பாற்பல்லின் பூச்சு மெல்லியது. ஆதலின் நான்கைந்து வயதிலேயே முன்பற்களின் விளிம்பு தட்டையாவதும், கோரைப்பல்லின் கூர் மழுங்குவதும் காணலாம். உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் குழந்தைகள் பலர். அந்த ஓசையைக் கேட்ட தாய்மார் அஞ்சுவர். நிலைப்பற்கள் முளைத்த பின்னர் அப்பழக்கம் பெரும்பாலோரிடம் தானே நீங்கிவிடுகின்றது. பாற்பல்லின் அளவான தேய்வு இயல்பானதே. அதனை நோயென்று கொள்ள வேண்டுவதில்லை.

எனினும் புளிப்பினால் பாற்பல் அரிபட்டிருந்தால் அது வேறு செய்தி. ஜெர்மனி நாட்டில் கீசன் என்னும் ஊரில், பல் வரிசையைச் சீர்திருத்துவதற்காக எடுத்து வைத்த சுண்ணச்சாந்து அச்சுகள் இதற்குச் சான்றாயின. ஒரே சிறுவரின் அச்சு, சில ஆண்டு இடைவெளியில் இருமுறை எடுக்கப்பட்டிருந்தது. கான்சும் அவருடன் பணியாற்றியோரும் அவற்றை ஒப்பிட்டு 2001ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். பாற்பல்லில் அரிமானம் இருந்த சிறுவர்க்கு நிலைப்பல்லிலும் அரிமானம் உண்டாகும் வாய்ப்பு, மற்றவரினும் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக இருந்தது. பாற்பல் விழுந்தது, பழக்கம் விழவில்லை. விழுந்துவிடும் பல்தானே என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் நன்று.

நிலைப்பல் முளைக்கும்போது அதன் எனாமல் முழு வன்மை பெற்றிருப்பதில்லை. வெளிவந்த பிறகே உமிழ்நீரிலுள்ள தாதுக்களை ஏற்று அது மெல்ல முதிர்கின்றது. பசுங்களிமண் சுவர் காயுமுன் மழை பெய்தால் என்னாகும்? ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை வாயில் புதுப்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. புட்டிப் பானங்களில் விருப்பம் மிகுவதும், அவற்றை வாங்கத் தம் கையில் காசு கிடைப்பதும் அதே பருவத்தில்தான். இவ்விரண்டும் ஒருங்கு நேர்வதே லெஸ்டர்ஷயர் மாணவரின் இரண்டாண்டுக் கணக்கில் தெரிகின்றது. பானத்தின் அளவும் தடவையும் மிகுந்தோரிடம் அரிமானமும் மிகுந்திருந்தது என்று அவ்வாராய்ச்சியாளர் கண்டனர்.

முதலில் பல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வரிகள் மறைகின்றன. பரப்பு வழவழப்பாகின்றது, பலர் அதனைப் பல்லின் அழகு என்றே மயங்குவர். பின்னர்க் கடைவாய்ப்பல்லின் மேட்டு முனைகள் உருண்டு, அவற்றின் உச்சியில் கடுகளவு பள்ளம் தோன்றும். எனாமல் கரைந்த அவ்விடத்தில் மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கும். டென்டின் மெதுவானதாகையால் அதன் பிறகு பள்ளம் விரைந்து ஆழமாகும். முன்பல்லின் விளிம்பு மெலிந்து கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். சிறு மோதலிலும் சிதறும். இவற்றுள் எதுவும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. குளிர்ந்த நீர் பட்டுக் கூசும்போதே பலர் மருத்துவரை நாடுகின்றனர். உள்ளிருக்கும் பற்கூழ், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் சுவரில் புதிய டென்டினை ஆக்கும் ஆற்றல் உடையது. தேய்வு மெல்ல நிகழுமாயின் அது ஈடுகொடுக்கும். விரைந்து நிகழுமாயின் தோற்றுவிடும்.

மருத்துவர்கள் இத்தேய்வை மதிப்பிட ஒரு முறையை 2008ஆம் ஆண்டில் வகுத்தனர். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிகவும் கெட்ட பல்லுக்கு 0 முதல் 3 வரை எண் இடுவர். தேய்வு இல்லையேல் 0. மேற்பரப்பின் அமைப்பு மட்டும் மறைந்திருப்பின் 1. தெளிவான இழப்பு பாதிப் பரப்புக்குக் குறைவாயின் 2. பாதியும் அதற்கு மேலும் ஆயின் 3. ஒருமுறை இட்ட எண் அவ்வளவாகப் பயன்படாது. ஒரே வாய்க்கு ஆண்டுதோறும் எண் இட்டு ஒப்பிடும்போதுதான் தேய்வு நின்றுவிட்டதா, நடந்துகொண்டிருக்கின்றதா என்பது புலனாகும். தேய்வு சீராக நடப்பதன்று. சில ஆண்டுகள் அசையாமல் இருந்து, பின் சில மாதங்களில் விரைந்து நடப்பதும் உண்டு.

துலக்கும் முறையும் தேய்வுக்குக் காரணமாகலாம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர் கையாண்டவை. மென்று நாராக்கிய குச்சி பல்லுக்குப் பகையன்று. ஆனால் செங்கற்பொடியும் சாம்பலும் மணலும் கொண்டு விரலால் அழுந்தத் தேய்க்கும் வழக்கமும் நம் ஊர்களில் இருந்தது. செங்கல்லிலும் மணலிலும் உள்ள படிகக்கல் எனாமலைவிடக் கடினமானது. பல் வெளுக்கிறதென்று மகிழ்ந்தோர் பல்லையே அரைத்துக்கொண்டனர். பிரீடன் மலையாரின் ரொட்டியிலிருந்த கல் இங்குப் பற்பொடியில் இருந்தது என்று சொன்னால் தவறாகாது. இக்காலத்துத் தூரிகையும் பற்பசையும் அவ்வளவு கொடியன அல்ல. எனினும் புளிப்பு உண்ட உடனே துலக்குதல் நன்றன்று. மெத்தென்றான மேற்பரப்பைத் தூரிகை வழித்தெடுத்துவிடும். அப்பொழுது வெறும் நீரால் வாயைக் கொப்பளித்து, அரைமணி நேரமேனும் கழித்துத் துலக்குதல் வேண்டும் என்பர் மருத்துவர். வாந்தி எடுத்த பின்னரும் இதுவே முறை. தாகத்துக்குத் தண்ணீரைவிடச் சிறந்தது பல்லுக்கு வேறொன்றும் இல்லை.

முன்பல் புதிதாக முளைத்த ஏழெட்டு வயதுச் சிறுவனைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தால், அப்பல்லின் விளிம்பில் அரிவாளின் கருக்குப்போல மூன்று சிறு மேடுகள் தெரியும். கீழ்ப்பல்லோடு உரசி உரசிச் சில ஆண்டுகளில் அவை மறைந்து, விளிம்பு நேராகிவிடும். பத்தாம் வகுப்பில் பயிலும் அவன் தமையன் வாயில் அவை இரா. அதே தமையன் நாவினால் தன் கடைவாயைத் தடவிப் பார்ப்பானாயின், பன்னிரண்டு வயதில் வந்த இரண்டாம் பல்லின் முனைகள் இன்னும் கூர்மையாக இருப்பதையும், அதற்கு முன்னுள்ள முதற்பல்லின் முனைகள் சற்றே உருண்டிருப்பதையும் உணரலாம். அவ்விரண்டு பற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆறு ஆண்டு.